வேண்டாம் என்றது மீன்!

கையிலே கோல், கோலின் நுனியிலே நரம்பு, நரம்பின் முனையிலே முள், முள்ளின் மேலே மினுமினுக்கும் பொய்! இத்தனையும் ஏந்தி, கிழக்கு வெளுக்கு முன்பே வந்து, தோளோடு தோள் இடிக்க வரிசையாக நிற்கின்றனர் தூண்டில்காரர்கள். அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்திலே, டகோமா என்னும் துறைமுக நகர். கடல்நீர் நிலத்தைக் குடைந்து நெடுந்தொலைவு உள்ளே வந்து, பல விரல்களாகப் பிரிந்து கிடக்கிறது அங்கே; பியூஜெட் சவுண்ட் என்பது அந்த நீர்ப்பரப்பின் பெயர். அதன் கரையிலிருந்து நீருக்குள் நீளும் லெஸ் டேவிஸ் கடற்பாலம், சரக்கு ஏற்றவோ பயணிகளை இறக்கவோ அமைந்ததன்று. பொதுமக்கள் நின்று தூண்டில் போடுவதற்கென்றே அமைந்தது.

ஆகஸ்ட் மாதம், ஒற்றைப்படை ஆண்டு. ஆண்டிலே ஒற்றைப்படை என்ன, இரட்டைப்படை என்ன என்று கேட்கத் தோன்றும். பிங்க் சால்மன் என்னும் மீனுக்கு வாழ்நாள் இரண்டே ஆண்டு. இந்தப் பகுதியின் ஆறுகளுக்கு அது பெருந்திரளாகத் திரும்பி வருவது 2021, 2023, 2025 என ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். ஆகவே, ஓராண்டு காத்திருந்து வந்த கூட்டம் அது.

மீன் இல்லாமலில்லை. கண்ணெதிரே துள்ளுகிறது! நீரைக் கிழித்து எழுந்து, வெள்ளி வாளெனப் பளிச்சிட்டு, ‘தொப்’பென்று விழுகிறது. ஒன்றல்ல, இரண்டல்ல, கூட்டம் கூட்டமாக. கோல்கள் வளைகின்றன, நரம்புகள் பறக்கின்றன, போலி இரைகள் நீரில் மூழ்கி மூழ்கி எழுகின்றன. மீனோ, ஒன்றுகூட வாய் வைத்தபாடில்லை. மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பாலத்திலே கேட்கும் ஒரே பேச்சு, ‘கடிக்கவில்லை’ என்பதுதான்.

ஏன் கடிக்கவில்லை? உடனே கிளம்புகிறது காரணங்களின் ஊர்வலம். சென்ற முறை மீன் கிடைத்த நாளில் அணிந்திருந்த தொப்பியை வீட்டிலே விட்டு வந்துவிட்டேன் என்கிறார் ஒருவர். நிலவின் மேல் பழி போடுகிறார் இன்னொருவர். பக்கத்திலே நிற்பவரின் கை ராசி என்கிறார் மூன்றாமவர். படகிலே வாழைப்பழம் இருந்தால் மீன் அகப்படாது என்றொரு நம்பிக்கையும் அந்நாட்டுத் தூண்டில்காரரிடையே உண்டு. நிலவிலே மனிதனை நடக்கவிட்ட நாடு! பூனை குறுக்கே போயிற்று என்று புறப்பட்ட பயணத்தை நிறுத்துபவர் நம்மிடையே உண்டு. ஆனால் அவர்கூட வாழைப்பழத்தின் மீது குற்றம் சுமத்தத் துணிந்ததில்லை.

தொப்பியைக் கேட்டனர், நிலவைக் கேட்டனர், பழத்தைக் கேட்டனர். மீனைக் கேட்டவர் யார்?

மீனைக் கேட்டவர் உண்டு, அவர் ஆய்வாளர். அவர் கண்ட விடை, ராசி பார்ப்பவர் கனவிலும் எண்ணாதது. ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே பொரித்து, விரல் நீளம்கூட வளராத நிலையிலே கடலுக்குப் போய், ஒன்றரை ஆண்டுக்காலம் தின்று தின்று கொழுத்து, பிறந்த ஆற்றை நாடித் திரும்புகிறது இந்த மீன். ஒரே ஒருமுறை முட்டையிடும், பிறகு சாகும். பசிபிக் கடலின் பிங்க், சம், சாக்கை, கோஹோ, சினூக் என்னும் ஐவகைச் சால்மன்களுக்கும் இதுவே வாழ்க்கை முறை. அந்தக் கடைசிப் பயணத்திலே, ஆற்றுநீரை நெருங்க நெருங்க அதன் பசி குன்றுகிறது. ஆற்றினுள் புகுந்த பின்னர் அது உண்பதே இல்லை எனலாம். குடல் சுருங்குகிறது, இரைப்பை வாடுகிறது. கடலிலே சேர்த்த கொழுப்பையும் தன் சொந்தத் தசையையும் எரித்துக்கொண்டே அது எதிர்நீச்சல் போடுகிறது. வெள்ளி நிறம் மங்குகிறது. பிங்க் சால்மனின் ஆணுக்கு முதுகு கூனல் போலப் புடைக்கிறது. தாடை நீண்டு கொக்கிபோல் வளைகிறது. இந்த இனத்துக்கு அறிவியலார் இட்ட கிரேக்கப் பெயரின் பொருளே ‘கொக்கி மூக்கு’ என்பதுதான். தூண்டிலுக்கு வாய் கொடுக்க மறுக்கும் மீனின் வாயே தூண்டிலாகிவிடுகிறது!

கடலிலிருந்து ஆற்றை நோக்கித் திரும்பும் அந்த இடைவெளியிலேதான் நிற்கிறது கடற்பாலம். இன்னும் பசி மாறாத மீனும் அவ்வழியே வரும். பசி மறந்த மீனும் வரும். முன்னது கடிக்கும், பின்னது கடிக்காது. வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். ஓதம் மாறினால் இடம் மாறிவிடும். காரணங்கள் இவை, ராசி எங்கே வந்தது?

உண்ணாநோன்பு என்ற சொல்லைக் கேட்டதும், உடலை ஒறுத்து உயிரை மட்டும் கரையேற்ற முயலும் துறவி நம் நினைவுக்கு வருகிறான். சால்மனின் நோன்பு அந்த வகையன்று. தனக்கென ஒரு வீடுபேறு தேடி அது பட்டினி கிடக்கவில்லை. இனி முகம் பார்க்கப் போவதே இல்லாத குஞ்சுகளுக்காகக் கிடக்கிறது. குஞ்சு பொரிக்கும்போது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அழுகிய அவற்றின் உடல்களிலிருந்து ஓடைக்குச் சேர்ந்த சத்து இருக்கிறது. கடலிலிருந்து அவை சுமந்து வந்த நைட்ரஜன், கரையோர மரங்களிலே கலந்திருப்பதை ஆய்வாளர் அளந்து காட்டியிருக்கின்றனர். துறவு என்று இதைச் சொல்வது தவறு. குடும்பத்தின் பொருட்டு உழைத்துத் தேயும் இல்லறத்தானின் பட்டினி இது.

சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, தூண்டில் முள்ளை இரையென எண்ணி மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆசையுள்ள மீனைப் பற்றிய பேச்சு அது. ஆசை தீர்ந்த மீன் முன்னே தூண்டில் வைத்தவன் என்ன செய்வான்?

ஒன்று செய்வான், சினமூட்டுவான். உண்ணாத மீனும் சிற்சில வேளைகளில் போலி இரையைக் கவ்வுவது உண்டு. பழைய பழக்கமா, குறுக்கே வந்த பொருளின் மேல் எழும் எரிச்சலா என்பதில் வல்லுநர்கள் ஒரே முடிவுக்கு வந்தபாடில்லை. தூண்டில்காரர்களோ எரிச்சல்தான் என்று அடித்துச் சொல்கின்றனர். அதற்கென்றே கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இரைகளைக் கட்டுகின்றனர். பசியால் விழாதவரைச் சினத்தால் வீழ்த்தலாம் என்பது மீனுக்கு மட்டும் பொருந்தும் செய்தியா என்ன!

அறிவுள்ள தூண்டில்காரன் வேறொன்றும் செய்வான், கற்பான். 1954-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான ஹாஸ்லர், விஸ்பி இருவரும், இதே வாஷிங்டன் மாநிலத்து இசாக்குவா ஓடையிலே தாங்கள் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓடை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே, இரு கிளைகளிலும் கோஹோ மீன்களைப் பிடித்தனர். சிலவற்றின் நாசித் துளைகளைப் பஞ்சால் அடைத்தனர். சிலவற்றை அப்படியே விட்டனர். பிறகு எல்லாவற்றையும் பிரிவுக்குக் கீழே கொண்டுபோய் விட்டனர். மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தத்தம் கிளைக்கே மீண்டன. மூக்கு அடைபட்டவை வழி தெரியாது தடுமாறின. பிறந்த ஓடையை மீன் அறிவது மணத்தால் என்பது புலனாயிற்று. அதே காலத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலே மற்றோர் ஆய்வு. படிப்படியாக அமைந்த மீன்வழியிலே சால்மன்கள் மேலேறிக்கொண்டிருந்தன. மனிதன் கை கழுவிய நீரை மேலிருந்து அதிலே ஊற்றினர். மீன்கள் அஞ்சிப் பின்வாங்கின. கரடியின் பாதத்தைக் கழுவிய நீருக்கும் அதே அச்சம்தான். நம் கையும் கரடியின் காலும் அதன் மூக்குக்கு ஒன்றே! இதை அறிந்தவன் இரையைத் தொடுமுன் கையைத் தேய்த்துக் கழுவுவான், ஆழத்தை மாற்றுவான், ஓதம் திரும்பும் வேளைக்குக் காத்திருப்பான். அப்போதும் கடிக்கவில்லையா? கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல், வீட்டுக்குப் போக மனமில்லாதவனிடம் தொடங்குகிறது.

அவன் பெரிய மும்முனைக் கொக்கியை எடுக்கிறான். அதனோடு கனத்த ஈயக்குண்டு. இரை இல்லை, இருந்தாலும் பெயருக்குத்தான். மீன் திரண்டிருக்கும் இடத்துக்கு அப்பால் வீசி, மூழ்கவிட்டு, வெடுக்கென்று இழுக்கிறான். மீண்டும் வெடுக்கென்று இழுக்கிறான். கொக்கி எங்கே போய்க் குத்தினாலும் சரி: முதுகிலோ, வாலிலோ, முட்டை நிறைந்த வயிற்றிலோ! மீன் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

வாஷிங்டன் மாநிலத்துச் சட்டம் இதைத் தடுக்கிறது. தடுப்பதில் வியப்பில்லை, தடுக்கும்போது அது கையாளும் சொல்லில்தான் வியப்பு. மீன் தன் விருப்பத்தோடு வாயிலே கொக்கியை ஏற்காத வகையில் அதைத் தூண்டிலால் பிடிக்க முயல்வதே குற்றம் என்று இலக்கணம் வகுக்கிறது சட்டம். விருப்பம்! மீனுக்கு விருப்பம் உண்டென்று சட்டப் புத்தகம் ஏற்றுக்கொள்கிறது! மனிதர் பலருக்கு விருப்பம் ஒன்று உண்டு என்பதையே ஏற்க எத்தனையோ நூற்றாண்டு தயங்கியவைதாம் உலகத்துச் சட்டப் புத்தகங்கள்.

‘இது வெறும் சொற்சிலம்பம்’ என்பார் நண்பர் ஒருவர். ‘உலோகத் துண்டை உயிர்மீன் என்று காட்டி ஏமாற்றுகிறீர்கள்; ஏமாந்து கவ்வியதை விருப்பம் என்கிறீர்கள். முதுகில் குத்துபவன் நேர்மையாகவாவது குத்துகிறான். பொய் சொல்லி வாங்கிய இசைவும் ஓர் இசைவா?’

கூர்மையான கேள்வி, தட்டிக் கழிக்க முடியாது. பொய் கூறிப் பெற்ற இசைவு இசைவாகாது என்பதை மனிதரிடையே நாம் ஒப்புகிறோம். தூண்டில் ஒரு வஞ்சகம் என்பதையும் ஒப்பத்தான் வேண்டும். வலியைக் கணக்கிட்டாலும், வாயில் குத்திய முள்ளுக்கும் முதுகில் குத்திய முள்ளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும் என்று எவரும் உறுதி கூறார். எனினும் ஒரு வேறுபாடு நிற்கிறது. இரை காட்டுபவன், எவ்வளவு வஞ்சகனாயினும், மீனிடம் ஒன்றை விட்டுவைக்கிறான்: ‘வேண்டாம்’ என்னும் உரிமையை. அறிவுள்ள மீன் தப்பும். ஐயமுற்ற மீன் தப்பும். பசியற்ற மீன் தப்பும். ஏமாற்றை வெல்லும் வழி மீனின் கையிலே, இல்லை, வாயிலே இருக்கிறது. வெறுங்கொக்கி வீசுபவனோ அந்த ஒன்றையும் பறித்துவிடுகிறான். அவனிடமிருந்து தப்ப அறிவும் உதவாது, ஐயமும் உதவாது, நோன்பும் உதவாது.

இன்னொன்றும் உண்டு, அது கண்ணால் காணத்தக்கது. கொக்கியில் சிக்கும் எல்லா மீனும் கரைக்கு வந்துவிடுவதில்லை. சதை கிழிந்து அறுத்துக்கொண்டு போவன உண்டு. வயிறு கிழிந்த பெண்மீன் ஆற்றை அடையுமா? அடைந்தாலும் எதை இடும்? ஒருவனுடைய பிடிவாதத்திற்கு இரண்டாண்டு கழித்து வரவேண்டிய கூட்டம் விலை கொடுக்கிறது.

நண்பர் விடமாட்டார். ‘அப்படியானால் வலை? வலை எந்த மீனின் விருப்பத்தைக் கேட்டது? வலைஞன் அல்லவா பெருங்குற்றவாளி?’

இந்தக் கேள்வி அந்த நிலத்திலே வெறும் விவாதமாக இருந்ததில்லை. குருதி கொதித்த வழக்காக இருந்தது. டகோமாவின் விரிகுடாவிலே கலக்கும் ஆறு பியூயாலப். அதன் கரையிலே வெள்ளையர் வருமுன்பே வாழ்ந்தவர் பியூயாலப் மக்கள். அடுத்த ஆற்றங்கரையில் நிஸ்குவாலி மக்கள். 1854-இல் மெடிசின் க்ரீக் ஒப்பந்தத்தின்படி அவர்கள் நிலத்தைக் கொடுத்தனர். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களுக்கென வைத்துக்கொண்டனர். நூறாண்டு சென்றபின், வலை வீசியது குற்றமென்று அவர்களையே சிறையில் தள்ளியது மாநில அரசு. மீன்வளத்தைக் காப்பதற்காகவாம்! கப்பல் கப்பலாகப் பிடித்துக் குவித்தவர் வேறு. கைவிலங்கு பூண்டவர் வேறு. நிஸ்குவாலி இனத்து பில்லி ஃபிராங்க் முதன்முறை கைதானது 1945-இல். அப்போது அவருக்கு வயது பதினான்கு. 1964-இல் திரைப்பட நடிகர் மார்லன் பிராண்டோ, அம்மக்களுக்குத் தோள்கொடுக்க வந்து, பியூயாலப் ஆற்றிலே கைதானார். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்த இனத்தார்க்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979-இல் நாட்டின் உச்சநீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநாட்டிற்று.

வலைஞன் மீனின் விருப்பத்தைக் கேட்பதில்லை, உண்மை. கேட்பதாக நடிப்பதும் இல்லை. ‘எனக்கு உணவு வேண்டும், என் மக்களுக்குப் பிழைப்பு வேண்டும், ஆகவே பிடிக்கிறேன்’ என்கிறான். எத்தனை மீன் ஆறு சேர வேண்டும் என்று எண்ணிக்கை வகுத்து, மிஞ்சியதற்கு அளவு வைக்கிறது இன்றைய ஏற்பாடு. மாநிலமும் ஒப்பந்த இனத்தாரும் கூடி அமர்ந்து வகுக்கின்றனர். கடற்பாலத்தில் நிற்பவன் கதை வேறு. அவன், ‘இது விளையாட்டு, என் திறமைக்கும் உன் தேர்வுக்கும் போட்டி’ என்று சொல்லிக்கொண்டு வந்தவன். தோற்கும் நிலை வந்ததும் விதியை மாற்றுகிறான். பசிக்கு வலை வீசியவனைச் சிறையில் தள்ளிய சமுதாயத்திலே, பொழுதுபோக்குக்கு வயிறு கிழிப்பவன் ‘ஒரு மீனாவது கொண்டுபோக வேண்டாமா?’ என்று கேட்டுச் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பை வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். முதலில் இரை, பிறகு கொக்கி. ஆதிக்கத்தின் வரிசை முறை அது. வேலைநிறுத்தத்தில் முன்னே நிற்கும் தொழிலாளியிடம் மேற்பார்வையாளர் பதவியைக் காட்டுகின்றனர். அவன் ‘வேண்டாம்’ என்றதும் வேலைநீக்க ஓலை வருகிறது. வாக்குக்குப் பணம் நீட்டுகின்றனர். திருப்பிக் கொடுத்தவன் வீட்டுக்குக் குடிநீர் நின்றுபோகிறது. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, பூ நீட்டி, கவிதை நீட்டிக் காதலிப்பதாகச் சொன்னவன், அவள் ‘இல்லை’ என்று சொன்ன மறுநாள் அமிலப் புட்டியோடு தெருமுனையில் நிற்கிறான். அவனுடைய பூ எத்தகைய பூ என்பது, அவள் மறுத்த பிறகுதான் வெளிப்படுகிறது. ‘ஆம்’ என்றிருந்தால் கடைசிவரை நல்லவன் என்றே ஊர் பேசியிருக்கும்.

மீனைப் பெண்ணோடு ஒப்பிடுவதா என்று சினக்க வேண்டாம். ஒப்பிட்டது மீனையன்று, கோல் பிடித்தவனை!

இனி, இந்தச் சட்டத்தை வேதமாக்கிக் கொண்டாடவும் இடமில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. வாஷிங்டனிலிருந்து இன்னும் வடக்கே, அலாஸ்காவிலே, ஹோமர் என்றொரு சிற்றூர். கடலுக்குள் நீண்டு கிடக்கும் அதன் கரைநாக்கிலே மனிதர் தோண்டி அமைத்த சிறு காயல் உண்டு. நிக் டூடியாக் என்னும் மீனியல் அறிஞரின் பெயர் பூண்டது. மீன்பண்ணையில் பொரித்து வளர்த்த சால்மன் குஞ்சுகளைக் கொண்டுவந்து, சில நாள் அங்கே வைத்திருந்து, பிறகு கடலுக்கு விடுகின்றனர். அந்த நீரின் மணமே பிறந்த வீட்டின் மணம் என்று குஞ்சுகளின் நினைவிலே பதிகிறது. வளர்ந்த மீன்கள் தவறாது திரும்பி வருகின்றன. ஓதத்தோடு வாயில் வழியே உள்ளே நுழைகின்றன. ஆனால் அங்கே ஆறு இல்லை. ஓடை இல்லை. முட்டையிடக் கூழாங்கல் படுகை இல்லை. தூண்டில்காரர்க்குக் கிடைக்கட்டும் என்றே ஏற்படுத்திய இடம் அது!

தொடக்கத்தில் கடிக்கின்றன. நாளாக ஆகக் கடிப்பது நிற்கிறது. அப்போது மீன்வளத் துறை ஓர் அவசர அறிவிப்பு வெளியிடுகிறது: இத்தனையாம் நாள் முதல் கொக்கியால் குத்தி இழுக்கலாம் என்று. வாஷிங்டனில் குற்றமாக இருப்பது, ஹோமரில் அழைப்பாகிறது. முரண்பாடா? இல்லை, அறிவின்படி பார்த்தால் இரண்டும் ஒரே நியாயத்தின் பிள்ளைகள். அங்கே, மறுத்த மீனுக்குப் போவதற்கு ஓர் ஆறு இருக்கிறது; அதன் மறுப்புக்குப் பின்னே ஒரு தலைமுறை நிற்கிறது. இங்கே விட்டுவைத்தால் எவருக்கும் பயனின்றி அழுகிப்போகும். விதிக்குக் காரணம் இருந்தது. காரணம் இல்லாத இடத்தில் விதி விலகியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டளையை எங்கும் திணிப்பவர்க்கு இந்த நயம் பிடிபடாது.

துறையின் கணக்கில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் அந்தக் காயலை எண்ணும்போது உள்ளம் அமைதி கொள்ள மறுக்கிறது. வீடு என்று ஒரு மணத்தைக் கற்பித்து அனுப்பியவன் மனிதன். அதை நம்பிப் பெருங்கடலைத் தாண்டி வந்திருக்கிறது மீன். பசி மறந்துவிட்டது; வயிற்றிலே முட்டை முதிர்ந்துவிட்டது; எங்கோ இருக்க வேண்டிய ஆற்றைத் தேடிக் காயலின் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. கரையிலே அறிவிப்புப் பலகை மாறுகிறது. மும்முனைக் கொக்கிகளோடு ஆள்கள் இறங்குகின்றனர். மீன் துள்ளுகிறது, இன்னமும் இரையைத் தொடாமலே துள்ளுகிறது.